கரை மாறிய மாதா

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருபது. அன்று பௌர்ணமி. மாரி மழை ஓய்ந்திருந்தது. வெயில் உறைப்பில்லாமல் விழுந்தது. காற்றே இல்லை, கிணற்றடி வாழையில் ஓர் இலைகூட அசையவில்லை.

காற்றை நான் கவனித்ததற்குக் காரணம் ஒரு மெழுகுதிரி. கண்ணாடி விளக்குக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டிய திரி அது. வழியில் அணைந்துவிடுமோ என்று முதல் நாள் முழுக்கக் கவலைப்பட்டு, சட்டைப் பையில் இரண்டு தீப்பெட்டி வைத்திருந்தேன்.

எங்கள் முன்னறையில் ஹென்றி குந்தியிருந்து, சுவரில் அடித்த பலகைக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம் கொஞ்சம் சரியுது," என்றேன்.

"குமிழ் நட்ட நடுவில நிக்குது மாஸ்டர். வந்து பாருங்க."

"குமிழ் நிக்குது. பலகை நிக்கல்ல."

"மாதா விழமாட்டா. இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு பாத்து நீங்கதான் விழப்போறீங்க."

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "அவர விடுங்க ஹென்றி. கலியாணத்தண்டு தாலியில முடிச்சு மூண்டும் விழுந்துதா எண்டு எண்ணிப் பாத்த மனிசன்."

ஹென்றி சிரித்துக்கொண்டே பலகையைக் கழற்றி, எனக்காக இன்னொரு தடவை அடித்தான். அந்த இன்னொரு தடவைக்கு அரை மணித்தியாலம் ஆனது.

வீடு வீடாய்

சென்ற வாரம் எங்கள் கோயில் மணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கனடாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வட்டார மாதாவை மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. எழுதத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் பங்கில் எங்கள் வட்டாரத்துக்கு இருபத்தெட்டு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாதா சுருவம். மரத்தில் செய்தது, இரண்டடி மூன்றங்குலம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை தங்கும். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. வாங்குகிற வீட்டார்தான் போய் அழைத்து வரவேண்டும். கொடுக்கிற வீட்டார் கொண்டுவந்து விடக்கூடாது. அது மாதாவை வீட்டைவிட்டு அனுப்புவதுபோல் ஆகிவிடும். முன்னால் விளக்கு, மாதாவுக்கு மேல் குடை, வழி முழுக்கச் செபமாலை. முன்னால் போகிறவர் அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் மறுபாதியைச் சொல்லுவார்கள்.

எனக்கு அதில் எப்போதும் ஒரு பயம். சிலர் பத்து மணிகளில் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். நான் ஒருவன்தான் எண்ணிக்கொண்டு போவேன். ஒன்பதில் நிறுத்தினால் திருப்பிச் சொல்ல வைப்பேன். அதனால் என்னோடு வருவதற்கு ஆள் குறைவு.

பிரச்சினைக் காலத்தில் ஒருமுறை சோதனைச் சாவடியில் எங்களை மறித்தார்கள். காவலில் நின்ற இளம் சிப்பாய் என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்தான், மனைவியுடையதைப் பார்த்தான், பிறகு குடைக்கு அடியில் இருந்தவரைப் பார்த்தான். "இவங்கட ஐடென்டி?" என்று கேட்டான். நான் இன்னொரு அட்டைக்காகச் சட்டைப் பையைத் தடவினேன். அவனே சிரித்துவிட்டான். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளையாம், எங்கள் வழக்கில் வேதக்காரன். தொப்பியைக் கழற்றி மாதாவின் காலைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவன் சிங்களத்திலும் நாங்கள் தமிழிலுமாக, சாவடியைத் தாண்டும் வரை ஒரு மந்திரம் சொன்னோம். அதை நான் பத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

மஞ்சள் விரல்

ஹென்றி பறங்கியன், போர்த்துக்கேயர் வழி வந்தவன். தச்சு வேலை. களுதாவளையிலிருந்து வாழைச்சேனை வரை அவன் செய்த கதவு இல்லாத ஊர் கிடையாது. என்னைவிட ஒன்பது வயது இளையவன். கலியாண வீடுகளில் வயலின் எடுத்தால் விடமாட்டான்.

அவனுடைய வீடு முகத்துவாரப் பக்கம். கடலுக்கும், கடலோடு வாய் திறக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு துண்டு மணல். முன்வாசலில் நின்றால் கடல். பின்னால், அடுப்படிக் குசினிக் கதவைத் திறந்தால் வாவி.

அவனுடைய மனைவி டல்சி. மாதாவுக்கு வருடம் ஒரு போர்வை தைப்பது அவள் பொறுப்பு. ஒருமுறை அவள் வீட்டு யன்னலுக்கும் மாதாவுக்கும் ஒரே நீலப் பூத்துணி. நான் அதைச் சொல்லிக் காட்டினேன்.

"மிச்சத் துணிதான் மாஸ்டர்," என்றாள் டல்சி. "அவவுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க யன்னலப் பாத்துக் கும்பிட்டுடாதீங்க."

ஒரு பெருநாளில் மாதாவின் வலக்கை மோதிர விரல் உடைந்தது. ஹென்றி முதிரைக் கட்டையில் புது விரல் செதுக்கி ஒட்டினான். முதிரை மஞ்சள் மரம். வர்ணம் பூச வேண்டும் என்று பாதிப்பேரும், பூசினால் மற்ற விரல்கள் பழசாகத் தெரியும் என்று பாதிப்பேரும் நின்றார்கள். இருபத்தெட்டு வீடு, பதினான்கும் பதினான்கும். முடிவாகாமல் அந்த விரல் மஞ்சளாகவே இருந்துவிட்டது.

2004 நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மாதா முறைப்படி டல்சியின் வீட்டில். அடுத்தது நாங்கள். பாதிரா பூசை முடிந்து கேக் துண்டைக் கையில் தந்துகொண்டே டல்சி சொன்னாள்: "ஞாயிறு ஒம்பது மணிக்கு வாங்க. எட்டரைக்கே வந்து படலையில நிக்காதீங்க. ஹென்றிய விடியவே அனுப்புறன், உங்கட பலகைய அடிச்சுத் தருவார். மட்டம் சரியில்லாட்டி நீங்க ஒரு கிழமையும் நித்திர கொள்ளமாட்டீங்க."

படலையடியில்

எட்டு ஐம்பதுக்கு நாங்கள் மூவரும் எங்கள் வீட்டுப் படலைக் கதவடிக்கு வந்தோம். என் கையில் விளக்கு. மனைவி கையில் குடை. ஹென்றி தோளில் தச்சு ஆயுதப் பை. தெருவில் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஓடி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பில்லை. அதைத்தான் முதலில் கண்டேன்.

"கடல் வருது" என்று ஒருவன் சொன்னான். கடல் எப்படி வரும் என்று நான் அவனிடம் கேட்டேன். ஹென்றி கேட்கவில்லை. பையைப் போட்டுவிட்டு, எல்லாரும் வந்த திசைக்கு எதிரே ஓடினான்.

அவனுடைய வீட்டில் மிஞ்சியது வாசற்படி மூன்று. மணல் துண்டின் மேலால் தண்ணீர் ஏறிக் கடந்து போயிருந்தது. டல்சியும் இல்லை, மாதாவும் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபம் எல்லாம் தேடினோம். என்னென்ன பார்த்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. டல்சி கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பலகை வெறுமையாக நின்றது. மனைவி அதில் ஒரு பூச்சாடிகூட வைக்க விடவில்லை. "வரவேண்டியவ இன்னும் வரல்ல," என்றாள். வட்டாரத்தில் வீடு வீடாய்ப் போவதும் நின்றது.

வருடாவருடம் அதே நாளில் பாதர் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். எல்லாரும் கடலைப் பார்த்து நின்று செபிப்போம். ஹென்றி ஒரு கூடை பூவோடு முழங்கால் தண்ணீர் மட்டும் இறங்குவான். பூவைப் போட்டுவிட்டு வந்து ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்லுவான்: "எங்க கிடக்கா எண்டு தெரிஞ்சாப் போதும் மாஸ்டர். வேற ஒண்டும் வேணாம்."

"கோயில் இல்ல, ஆள் மட்டுந்தான்"

போர் முடிந்து வந்த முதல் திருவிழா. பாதைகள் திறந்திருந்தன. படுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்கு அப்பால் மேற்குக் கரையிலிருந்து, சனம் பஸ் பஸ்ஸாக வந்தது. அவர்களில் வேதக்காரர் குறைவு. ஆனால் மாதாவுக்கு நேர்ந்துகொள்ள யார் என்ன என்று எங்கள் ஊரில் எவரும் கேட்பதில்லை.

மெழுகுதிரி விற்கும் மேசை எனக்கு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு. பெயர் தங்கம் என்று பின்னால் அறிந்தேன்.

"மொத்தத் திரியா, தடிச்சதா ஒரு பன்னிரண்டு தாங்க ஐயா. காத்துக்கு நிக்கோணும். எங்கட மாதா வெளியிலதான் இரிக்கா."

"உங்கட பக்கம் எந்தக் கோயில்?"

"கோயில் இல்ல. ஆள் மட்டுந்தான்."

நான் திரியை எண்ணிக்கொண்டே, "சுருவம் எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"வாங்கல்ல. தண்ணியில வந்தவ. ஐயா, ஒண்டு கேக்கணும். அவட ஒரு விரல் மட்டும் மஞ்சளா இரிக்கி. அது என்னத்துக்கு? எங்கட மாமி கேட்டுக் கேட்டு உசிர வாங்குறா. மாதாக்கு மஞ்சள் பூசுறது அப்பிடித்தானோ எண்டு அவவும் ஒவ்வொரு வெள்ளியும் மஞ்சள் அரைச்சுப் பூசுறா."

அன்று மிச்சத் திரிகளை நான் எண்ணவில்லை. மேசையை அப்படியே விட்டுவிட்டு, கோயில் மாதாவைத் தூக்கிச் செல்லும் ஊர்வலக் கூட்டுக்கு மின்குமிழ் கட்டிக்கொண்டு ஏணியில் நின்ற ஹென்றியிடம் போய், கேட்டதைச் சொன்னேன்.

"எந்தக் கை?" என்றான், இறங்காமலே.

"வலக்கையாம்."

"எந்த விரல்?"

"மோதிர விரல்."

அவன் ஏணியிலிருந்து இறங்கினான்.

அந்தக் கரை

வட்டாரம் கூடி முடிவு செய்தது: திருவிழா முடிந்த முதல் ஞாயிறு போய் மாதாவை அழைத்து வருவது. வாங்குகிற வீடு எங்களுடையது. மனைவி விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டு விளக்கினாள். நான் பலகையை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

தோணியில் நாங்கள் மூவரும் தோணிக்காரனும். "எத்தின பேர் ஏறலாம்?" என்று கேட்டேன்.

"ஏழு பேர் ஐயா."

"ஏழு பேரும் என்ன நிறை?"

"ஐயா அசையாம இருந்தா எட்டுப் பேரும் போகலாம்," என்றான் அவன். ஹென்றி சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, கலியாணத்துக்குப் போகிறவன்போல் முன்னால் இருந்தான்.

தங்கம் கரையிலேயே காத்து நின்றாள். கரையிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு மருத மரம். அதன்கீழ் தென்னங்கிடுகால் வேய்ந்த சின்னப் பந்தல். பந்தலில் மாதா. சிவப்புச் சேலைத் துண்டு கட்டியிருந்தது. முகமெல்லாம் மஞ்சள். காலடியில் செவ்வரத்தம் பூவும் ஒரு குத்துவிளக்கும். பின்னால் வெள்ளைக் கற்கள் பதித்து, மண் அணைத்து, ஏதோ மேடைபோல் கட்டியிருந்தார்கள்.

ஹென்றி மாதாவின் வலக்கையை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தான். மஞ்சள் கழன்றது. கீழேயும் மஞ்சள்தான்.

"எப்பிடி வந்தவ?" என்று கேட்டான்.

தங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனுடைய நிறத்தையும் பூனைக் கண்ணையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"தனிய வரல்ல ஐயா," என்றாள்.

"ஆரோட?"

"ஒரு அம்மாவோட. கவுன் உடுத்த அம்மா. கடல் வந்த மறுநாள் விடிய, தண்ணிக்கரையில நிக்கிற அந்தக் கண்ணாப் பத்தையில. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தா. கை விடவேயில்ல. நாங்கதான் மெல்ல மெல்ல எடுத்தம்."

என் மனைவி குடையைக் கீழே வைத்தாள்.

"எங்கட மாமா அப்ப உசிரோட இருந்தவர். ரெண்டு பேரையும் ஒண்டா அடக்குவம் எண்டு நாங்க சொன்னம். தெய்வத்தை மண்ணில வைக்க ஒண்ணா, தலைமாட்டில வையுங்க எண்டார். அம்மா இஞ்ச." அவள் வெள்ளைக் கற்களைக் காட்டினாள். "மாதா தலைமாட்டில. டவுனுக்குப் போற மீன்காரரிட்டச் சொல்லி விட்டம். அவர் போய் முதல் கண்ட கோயில்ல கேட்டாராம். எங்கட மாதா எங்களிட்டத்தான் இரிக்கா எண்டாங்களாம். மறுகா சண்டை வந்து பாதையும் பூட்டிட்டு."

அவளுடைய மாமி பந்தலுக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்தாள். உள்ளே மடித்த துணி. நீலப் பூ வெளிறிப்போயிருந்தது.

"இது எங்கட யன்னல் சீலை," என்றான் ஹென்றி. பிறகு அந்த மண்ணிலேயே குந்தி இருந்துவிட்டான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் கடிகாரம் பார்க்கவில்லை.

"நாலு தரம் கடலுக்குப் பூப் போட்டன் மாஸ்டர்," என்றான். "அவ எங்கட குசினிப் பக்கம் கிடந்திருக்கா."

வந்த தண்ணீர் மணல் துண்டைக் கடந்து வாவிக்குள்தான் இறங்கியது. அது போன தடத்தை எங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள் நாங்கள். இருந்தும் வருடாவருடம் பாதரும், நானும், பங்கு முழுவதும் கடலைப் பார்த்தே நின்றோம். கடல்தானே எடுத்தது என்று எல்லாருக்கும் எண்ணம். ஒருவராவது வாவிப் பக்கம் கிறுகிப் பார்த்ததில்லை.

கிழமை முடியவில்லை

தங்கம் சொன்னாள், சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியபோது மாதாவைச் சாக்கில் சுற்றிக் கொண்டு போனார்களாம். "அம்மாவ விட்டுட்டுத்தான் போனம். என்ன செய்ய? மூணு மாசம் ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்தாங்க." முகாமில் ஒரு வேதக்காரப் பெண் இவர்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தாளாம். மறுபாதி மட்டுந்தான் பாடமாம். முதற்பாதியை அவளே சொல்லி வந்தபடியால் அது இவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"கொண்டு போங்க ஐயா," என்றாள் கடைசியில். "உங்கட ஆள். பாத்துக் குடுக்கத்தான் வைச்சிருந்தம்." மாமி செவ்வரத்தம் பூக்களைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தாள்.

நான் விளக்கை ஏற்றினேன். மனைவி குடையை விரித்தாள். மாதாவை இரண்டு கையாலும் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம்.

"வைங்க மாஸ்டர்," என்றான் ஹென்றி.

"ஹென்றி, இது பங்குச் சொத்து. இருபத்தெட்டு வீடு பாத்துக்கொண்டு இருக்கு."

"தெரியும்."

"எங்கட வீட்டில அஞ்சு வருசமாப் பலகை வெறுமையாக் கிடக்கு."

"அதுவும் தெரியும். நான் அடிச்ச பலகைதானே." அவன் எழுந்து மண்ணைத் தட்டினான். "கையை நீட்டி எடுத்துக்கொண்டு போக எனக்கும் விருப்பம். ஆனா அவ விடல்லையே மாஸ்டர். நாங்க எப்பிடி விடுவிக்கிறது?"

"பாதருக்கு நான் என்ன சொல்ல?"

"மாதா இன்னும் டல்சி வீட்டிலதான் இருக்கா, கிழமை முடியல்ல எண்டு சொல்லுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குடையைச் சுருக்கினாள். மாதாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். கொஞ்சம் இடப்பக்கம் சரிவாகத்தான் இருந்தது. நான் நிமிர்த்தவில்லை.

அங்கேயே நின்று செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். நான் முதற்பாதி சொன்னேன். தங்கமும் மாமியும் அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் மறுபாதியை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள்.

வட்டாரக் கூட்டம்

அடுத்த ஞாயிறு வட்டாரம் கூடியது. டல்சி கிடைத்த செய்தி கேட்டு அழாதவர் இல்லை. அழுது முடிந்ததும் மாதாவின் கதை வந்தது.

"டல்சிக்கு நல்ல கல்லறை கட்டுவம், அது வேற," என்றார் ஒருவர். "சுருவம் எங்கட அப்பன் பாட்டன் காசு போட்டு வாங்கினது. அழைச்சு வரப் போன மாஸ்டர் வெறுங்கையோட வந்தா எப்பிடி?"

"வெறுங்கையோட வரல்ல. கையில குடை இருந்தது," என்றான் பின் வாங்குப் பலகையில் இருந்த ஒரு பகிடிக்காரன்.

பாதர் என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு வீடுகளில் இப்போது ஆள் இருந்தவை பத்தொன்பதுதான். கூட்டத்துக்கு முன்பே எண்ணி வைத்திருந்தேன். எங்களையும் ஹென்றியையும் தவிர எல்லா வீடும் அந்த மாதாவைத்தான் கேட்டன. அவர்களிலும் பிழை இல்லை. ஹென்றி வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. திரும்பிப் போய் எடுத்துவரச் சொல்லி ஒருவர் வாயெடுத்தால் அவன் போவான் என்று எனக்குத் தெரிந்தது. போய் எடுத்தும் வருவான்.

நான் எழும்பினேன். "அழைக்கப் போனது என்ட வீடு. விட்டுட்டு வந்ததும் என்ட வீடு. புது மாதாவ நான் தாறன்," என்றேன். சொன்ன பிறகுதான் மனைவியைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்ற கவலை பிடித்தது. அவள் பெண்கள் பக்கத்திலிருந்து, "மரத்தில செய்யச் சொல்லுங்க. மற்றது மிதக்காது," என்றாள்.

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டு கலைந்தது.

ஹென்றி பாதிக் காசைக் கொண்டுவந்தான். வாங்கவில்லை. மாதாவை அவனே செதுக்குவதாகவும் சொன்னான். இரண்டு தரம் உளியை எடுத்தான், விட்டுவிட்டான். நீர்கொழும்பில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தோம். வந்து இறங்கிய நாள் பத்து விரலையும் பார்த்து வாங்கினேன். முறைப்படி முதல் வீடு நாங்கள்.

மாதாவுக்கு இருபத்தெண்ணாயிரத்து ஐந்நூறு. வான் கூலி ஆறாயிரம். டல்சியின் கல்லறைக்குச் சீமெந்து இரண்டு பை, ஆயிரத்து நானூறு. தோணிக்கு இரண்டு பயணம், ஆயிரத்து இருநூறு. தங்கத்துக்குக் காற்றுக்கு நிற்கிற மொத்தத் திரி, முந்நூற்று எண்பது. எல்லாம் சேர்த்து முப்பத்தேழாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.